ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தவர்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு நர்சுகள். ஆள் நாலரை அடிதான். ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதற்கு அந்த ஆஸ்பத்திரியே சாட்சி. பதினாறு வருஷம் அங்கே தரை துடைத்தாள். துடைத்த ஈரத்தில் கால் வைத்தால் டாக்டர் என்றும் பார்க்க மாட்டாள், பாதிரியார் என்றும் பார்க்க மாட்டாள். இந்த வாய் வார்டுக்குள் கிடப்பதைவிட ஊருக்குள் போனால் நாலு பேருக்கு நல்லது என்று பெரிய டாக்டருக்குத் தோன்றியது. ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, சுகாதாரப் பணியாளர் என்று கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, செங்கல் சூளைக் குடியிருப்புக்கு அனுப்பினார்.

நாற்பது வீடு. ஒரு குழாய். கழிப்பறை என்று ஒன்றுகூடக் கிடையாது. மண் எடுத்த பள்ளத்துக்குப் பின்னால்தான் எல்லாரும் ஒதுங்க வேண்டும். அங்கே வெறுங்காலோடு போய் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் கொக்கிப்புழு. அதைப் பாடமாக நடத்தச் சொன்னால் கடுகு கதையாகவே சொன்னாள்.

"அங்க போறீங்கல்ல, அதுல இருந்து முட்டை பொரிச்சு, நூலைவிடச் சின்னப் புழு மண்ணுல காத்துக்கிட்டு இருக்கும். வெறுங்கால் பட்டுச்சுன்னா உள்ள பூந்துரும். அப்புறம் வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி வயித்துல உக்காந்து ரத்தத்தைக் குடிக்கும். காலி பண்ணச் சொன்னாலும் போகாது!"

பெண்கள் சிரித்தார்கள், கேட்டார்கள், நம்பினார்கள். ஆஸ்பத்திரியின் திட்டமும் நல்ல திட்டம்தான். முதல் வருஷம் பிள்ளைகள் எல்லாருக்கும் செருப்பு, இரண்டாம் வருஷம் வீட்டுக்கு ஒரு கழிப்பறை. செருப்பைப் போடுகிறார்களா என்று கடுகு கணக்கெடுக்க வேண்டும். மற்ற நாளில் சனமெல்லாம் சூளையில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் ஜெபக்கூடத்துக்கு மொத்தமாக வரும். அதனால் வாசலில் கழற்றி விட்ட செருப்புகளை எண்ணினாள். எண்ணிக்கை குறைந்தால் விடுவாளா? ஜெபம் முடிந்ததும் சபை நடுவிலேயே, "உன் புள்ளை செருப்பு எங்க? அறுந்துபோச்சா? ஓசியில வந்தா அருமை தெரியாதுல்ல!" என்று காய்ச்சி எடுத்துவிடுவாள்.

வருஷக் கடைசியில் ஒரு செருப்பும் குறையவில்லை. வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் படம் எடுத்து ஆஸ்பத்திரியின் வருஷ அறிக்கை அட்டையில் போட்டார்கள். கடுகும் அந்தப் படத்தை வாங்கி வீட்டில் ஒட்டினாள்.

அடுத்த மாதமே சூளைக்காரி ஒருத்தியின் எட்டு வயது மகள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். இருக்கவேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை. கொஞ்ச நாளாக மண்ணை வேறு அள்ளித் தின்கிறாளாம். வயிறு நிறையக் கொக்கிப்புழு.

கடுகுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் இந்தப் பொம்பளைக்கு உறைக்கவில்லையே என்று புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நேராக அவள் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்குள் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பாலிதீன் பை. பைக்குள் அந்தப் பிள்ளையின் செருப்பு, துடைத்துவைத்த தட்டு மாதிரி பளபளவென்று.

"எதுக்குடி இதை மாட்டி வச்சிருக்க? பூசையா பண்ணப் போற?"

சூளைக்காரி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "நீங்கதானேக்கா போன வருஷம் அறுந்துபோச்சுன்னு சபையில வச்சு என் மானத்தை வாங்குனீங்க? சேத்துல போட்டா ரெண்டு மாசம் தாங்காதுக்கா. ஞாயித்துக்கிழமை நீங்க எண்ணுவீங்கல்ல, அதுக்குன்னு வேற வாங்கி எடுத்து வச்சிருக்கேன். எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

கடுகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கேயும் பை. எட்டு வீடு ஏறி இறங்கினாள், எட்டு வீட்டிலும் பை. கோபம் வந்த வேகத்தில் திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. தன் வாய்க்குப் பயந்துதான் இந்தப் பிள்ளைகள் வருஷம் முழுக்க வெறுங்காலோடு அலைந்திருக்கிறார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. வீட்டுச் சுவரில் இருந்த படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எழுதி முடித்த அறிக்கையைத் திருத்துவதென்றால் அவருக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி.

"செருப்பே போதும்னு எழுதி அனுப்பியாச்சும்மா. அந்த நாப்பது கழிப்பறையும் வேற ஊருக்குப் போகுது. அங்க இன்னும் மோசம்."

"அந்த ஊருக்கும் வேணும்தான்யா. அதுக்காக எங்க புள்ளைங்க வாயில மண்ணா?"

"ஒரு புள்ளையை வச்சு முடிவு பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமை திட்டத்துக்குப் பணம் குடுக்கிற விருந்தாளிங்க வர்றாங்க, நன்றிக் கூட்டம். அது முடியட்டும், பார்க்கலாம். கடைசி ஜெபம் நீதான் பண்ணணும். சுருக்கமா."

பார்க்கலாமாம்! பதினாறு வருஷத்தில் எத்தனை 'பார்க்கலாம்' பார்த்திருக்கிறாள் அவள். பார்க்கலாம் என்ற எதையும் யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசை நாற்காலியில் நான்கு விருந்தாளிகள், பக்கத்தில் பெரிய டாக்டர். பாட்டு முடிந்தது, பாராட்டு முடிந்தது. கடுகு எழுந்தாள். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இங்க எல்லாரும் செருப்புப் போடுறாங்கன்னு அறிக்கையில இருக்கு. அது பொய்னு உமக்குத் தெரியும். அந்தப் பொய்யை உண்டாக்குனவ நான். நான் திட்டுன திட்டுக்குப் பயந்து இவங்க செருப்பைப் பையில கட்டி வச்சாங்க. என்னை மன்னியும். ஆனா அந்தப் பொய்யை நம்பி இவங்களுக்கு வரவேண்டிய கழிப்பறையை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போறாங்களே, அதை மன்னிக்காதேயும்!"

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. "கடுகு..." என்று அடிக்குரலில் அதட்டினார் டாக்டர்.

"ஆண்டவரே, டாக்டரய்யா கண்ணைத் திறந்துட்டாங்க. நான் இன்னும் ஆமென் சொல்லல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் கண்ணை மூடினார். ஜெபத்துக்கு நடுவே எழுந்து போக அவரால் முடியுமா? விருந்தாளிகள் வேறு பக்கத்தில்.

"ஒரு புள்ளை ரத்தம் இல்லாம கட்டில்ல கிடக்கு. மத்த புள்ளைங்களுக்கு எவ்வளவு ரத்தம் இருக்குன்னு யாரும் பார்க்கல. எப்பப் பார்ப்பாங்க ஆண்டவரே?"

பதில் சொல்லாமல் ஆண்டவர் சும்மா இருந்தார். கடுகும் சும்மா நின்றாள். நாற்பது வீட்டுச் சனமும் கண்ணை மூடியபடியே காத்திருந்தது. குழந்தை ஒன்று சிணுங்கியது.

"நாளைக்கு" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமலே.

"ஸ்தோத்திரம். கழிப்பறை?"

"வர்ற மாசம்."

"மாசத்துல முப்பது நாள் இருக்கு ஆண்டவரே."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அஞ்சாம் தேதி முதல் குழி தோண்டுறோம்."

"எத்தனை வீட்டுக்கு?"

"நாப்பதுக்கும்தான்மா! முடி."

"ஆமென்" என்றாள் கடுகு.

"ஆமென்" என்று தகரக் கூரை அதிரச் சொன்னது சனம். அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும், எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, டாக்டரை நேராகப் பார்த்து, "அஞ்சாம் தேதி. ஆமென்" என்றாள்.