அறுக்காத பலகை

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவர் ஷூ கம்பெனியில் பேட்டர்ன், அதாவது தோலுக்கான அளவு அட்டை, வெட்டுகிறவர். ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தொட்டிலைத் தன் கையாலேயே செய்வதாகச் சொல்லித் தேக்குப் பலகைகள் வாங்கி வந்தார்.

முதல் பலகையிலேயே தவறிவிட்டது. தோல் இழுத்தால் நீளும் என்பதால் கொஞ்சம் குறைத்து வெட்டுவது அவர் தொழில் பழக்கம். கை அதே பழக்கத்தில் மரத்தையும் குறைத்து அறுத்துவிட்டது. அதற்குப் பிறகு ரம்பத்தைத் தொடவே பயந்தார். முழுத் தொட்டிலையும் அட்டையில் வெட்டி, நூலால் கட்டி, அரிசிப் பையை வைத்து ஆட்டிப் பார்ப்பார். பிரித்துவிட்டு மறுபடி வெட்டுவார்.

“இன்னா சார், இன்னும் அட்டையிலயே இருக்கீங்க?” என்றேன்.

“தோல தப்பா வெட்னா தோலோட போச்சு சார். இதுல கொழந்த படுக்கும்ல?” என்றார்.

பேத்தி பிறந்து புடவைத் தூளியில் தூங்கினாள். அவளை டேப்பால் அளந்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார்.

“அட்ட வெட்டி முடிக்கிறதுக்குள்ள வளந்துட்றா சார்.”

பத்து மாதம் கழித்து, நாங்கள் வீடு காலி செய்த அன்று அவரிடம் விடைபெற மாடிக்குப் போனேன். மகள் குழந்தையோடு வந்திருந்தாள். சுவரில் சாய்த்திருந்த அறுக்காத பலகையைப் பிடித்துக்கொண்டு பேத்தி முதல்முறையாக எழுந்து நின்றாள். நாங்கள் கை தட்டினோம். அவர் மட்டும் ஓடிப்போய், பலகை சரியாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் படியிறங்கும்போதும் கையை எடுக்கவில்லை.