தங்கை வீட்டு மாடியில் மாட்டிய மலிவு ஜோடி

என்ன தொழில் என்று யாராவது கேட்டால், "இன்டர்நெட் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அதற்கு மேல் பேச்சை வளர்த்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் தங்கை வீட்டு மாடியில்தான் போய் நிற்கும்.

திருத்தணியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அங்கிருந்து ஊருக்குள் கேபிள் ஓடுகிறது. ஊரைத் தாண்டி ஓடாது. ரோட்டை வெட்ட ஒரு அனுமதி, ரயில் பாதையைக் கடக்க ஒரு அனுமதி, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரனுக்கு. என்னைப் போன்றவனுக்குக் காற்றுதான் வழி. இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். கடையில் ஜோடி என்றே சொல்லி விற்பார்கள்.

தங்கையைக் கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். என் மாடியிலிருந்து நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டர் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சென்னையில் ஒரு கம்பெனியில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தாள். குழந்தை பிறந்ததும் மாமியார் வீட்டில் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் விடவில்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று இரண்டு பக்கமும் சம்மதம் வாங்கினாள். கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வேலை நேரத்தில் லைன் அறுபடக் கூடாது. அந்தத் தெருவில் செல்போன் சிக்னலுக்கே ஏரிக்கரை வரை நடக்க வேண்டும்.

"உன்ன நம்பித்தான்ணா ஒத்துக்கினேன். நிக்குமா?" என்று போனில் கேட்டாள்.

"நிக்காம? உங்க அண்ணன் பொழப்பே அதான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

அதே வாரத்தில் அரக்கோணம் ரோட்டில் இருக்கும் அரிசி மில்காரரும் கூப்பிட்டிருந்தார். தெலுங்கு பேசும் குடும்பம், பெரிய கை. மில்லில் கேமரா வைத்து வீட்டிலிருந்தே மூட்டைகளைப் பார்க்க வேண்டுமாம். என் மாடியிலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. நடுவில் வெறும் நெல் வயல்.

சென்னைக்கு ரயில் ஏறிப் போய் இரண்டு ஜோடி வாங்கினேன். ஒன்று டிஷ் ஆன்டெனா மாதிரி பெரிய தட்டு வைத்தது, விலையும் பெரிது. இன்னொன்று கையகலப் பெட்டி, மலிவு. பெட்டிமேல் பதினைந்து கிலோமீட்டர் போகும் என்று அச்சடித்திருந்தான். அதை நான் உரக்கப் படித்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அது பாலைவனத்துல சார். பத்து கிலோமீட்டருக்குத் தட்டு போடுங்க. கம்பத்தையும் நல்லா ஒசரமா நிறுத்துங்க. ஆள் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரிஞ்சா மட்டும் பத்தாது. நடு வழில மரத்துக்கு மேல ஒரு தென்னை ஒசரத்துக்குக் காலியா இருக்கணும். நாலு கிலோமீட்டருக்கு இந்தச் சின்னதே தாராளம்."

இதைவிடத் தெளிவாக எந்த மனுஷன் சொல்வான்? நானும் தலையை ஆட்டினேன். எது எங்கே என்று மனதில் முடிவு செய்துகொண்டுதான் ரயில் ஏறினேன்.

மறுநாள் காலை சின்னப் பெட்டியோடு மில்லுக்குப் போனேன். மில்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, சோப்பு டப்பாவக் கொண்டாந்துகினு கீற? ஊர்ல கேமரா வெச்சவன் எல்லாம் மேல தட்டு வெச்சிகினு கீறான். எனக்கு இதுவா?"

இங்கே இதுவே போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறந்தேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்ததும், "இது சும்மா சாம்பிளுங்க, தட்டுதான் உங்களுக்கு" என்று வந்துவிட்டது. சாயங்காலம் தட்டை ஏற்றிக் கொடுத்தேன். மில்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

மீதி இருந்தது தங்கைக்கு. எங்கள் வீடுகளில் எப்போதும் இப்படித்தானே! வெளியாளுக்கு முதல் தரம், நம்ம வீட்டுப் பெண்ணுக்கு மிச்சம். கேட்டால், நம்ம பொண்ணுதானே, பொறுத்துக்குவா என்போம். இன்னொரு தட்டு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அது மாசி மாதம். அவள் வீட்டு மாடியில் ஏறி நின்றதும் திருத்தணி முருகன் மலை தெரிந்தது. எல்லாரையும் போல நானும் ஒரு கும்பிடு போட்டேன். "மலையே தெரியுது மச்சான், அப்புறம் இன்னா?" என்றார் தங்கை வீட்டுக்காரர். மலை தெரியும்தான். என் பெட்டி மலைமேலா இருக்கிறது? அடிவாரத்து ஊருக்குள் இருக்கிறது. ஊர் தெரிய வேண்டிய திக்கில் வரிசையாக வேப்பமரங்கள். இலை உதிர்த்து நின்றதால் கிளைகளுக்கு நடுவில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. அதை நம்பிப் பெட்டியைத் திருகினேன். சிக்னல் காட்ட அதில் இருக்கும் நாலு விளக்கில் மூன்று எரிந்தது. கீழே குழந்தையோடு நின்ற தங்கையிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

சித்திரையில் வேம்பு துளிர்த்து அடர்ந்ததும் இரண்டு விளக்கு ஆயிற்று. வேலை நடந்தது, ஆனால் இழுத்துக்கொண்டு நடந்தது. "கொஞ்சம் ஸ்லோவா கீதுண்ணா, பரவால்ல, சமாளிச்சிக்கிறேன்" என்றாள். அவள் பரவாயில்லை என்று சொன்னதையே பிடித்துக்கொண்டு நானும் அந்தப் பக்கம் போகவில்லை. வெட்கங்கெட்டவன்.

ஐப்பசி மழையில் எல்லாம் நாறியது. இலை நனைந்தால் லைன் செத்துவிடும், வெயில் வந்தால் உயிர் வரும். வேலை நடுவில் அறுந்து அறுந்து போயிற்று. ஒரு நாள் போனில் அவள் குரலே சரியில்லை. "இன்னொரு வாட்டி அறுந்தா அனுப்பிடுவாங்களாம்ண்ணா. ஏதாச்சும் பண்ணு" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். தட்டு தங்கை வீட்டுக்கு, சின்னப் பெட்டி இங்கே என்று மாற்றி மாட்ட வேண்டியதுதான், அரை நாள் வேலை. மில்காரர் ஆபீஸில் உட்கார்ந்து டிவியில் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வா நைனா, வீட்லயும் படம் கண்ணாடி மாதிரி வருது. இன்னும் ரெண்டு பேருக்கு உன் பேரச் சொல்லிக்கினு கீறேன்" என்று டீ வரவழைத்தார். டீயைக் குடித்தேன். "சும்மா செக் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேங்க" என்றேன். ஸ்பேனர் பையிலிருந்து வெளியே வரவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து தங்கையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதை எனக்கு மட்டும்தான் மெசேஜில் சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரவைத்து இலை போட்டார்கள். அவள் மாமியார் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க தங்கச்சி வேலைய விட்டுட்டா தம்பி. அவளாத்தான் விட்டா, நாங்க ஒண்ணும் சொல்லல. மழைல லைன் அறுந்துகினே இருந்துச்சே, அதனாலயான்னு கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறா."

தங்கை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"லைன்ல ஒரு கொறையும் இல்ல அத்தே. அண்ணன் இருக்கறதுலயே ஒசத்தியானதத்தான் போட்டுக் குடுத்துச்சி. கொழந்தையையும் வெச்சிகினு எனக்குத்தான் முடியல."

"ஆங், இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் மாமியார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இன்னா சொல்றீங்க தம்பி?" என்று கேட்டார்.

தங்கையின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

"ஆமாங்க அத்தை" என்றேன். "அவளாலதான் முடியல."