இன்பமணிக்குக் கொண்டுபோன கருப்பட்டி

ஆலயத்தில் ஞானப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது என் பெரியம்மா சாலோமி மட்டும் உட்கார்ந்திருப்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாள்முதல் அப்படித்தான். முழங்கால் வாதம் என்றார்கள். வாதம் பிடித்தவளா தினமும் வாய்க்காலிலிருந்து குடம் சுமந்து மேடேறி வருவாள்? புதிதாக வந்த உபதேசியார் ஒருமுறை கேட்டே விட்டார்.

"ஆண்டவருக்கு முன்னால எந்திரிக்கக் கூடாதாம்மா?"

"ஆண்டவரு என்னைய எந்திரின்னு சொல்லலையே, ஐயா. நீங்கதான சொல்லுதீய."

போன ஐப்பசியில் வந்த விஷக்காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஆலயத்தில் எழுந்து நிற்காத காரணத்தை அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக பி.ஏ. தேறி வந்திருந்தேன். அவள் ஜெர்மனி போய்வந்தவள் என்பதில் எனக்குப் பெருமை. "நீங்க பாத்த ஊரையெல்லாம் சொல்லுங்க பெரியம்மா, எழுதி வைக்கேன்" என்றேன்.

"ஊரையா? ஊருதாம்லே என்னையப் பாத்துச்சு" என்றாள்.

பெரியம்மா இளவயதிலேயே விதவை. பாளையங்கோட்டையில் கோலர் துரைசாணி என்ற ஜெர்மன் மிஷனரி அம்மாளின் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தாள். 1906-இல் துரைசாணி விடுமுறைக்கு லைப்சிக் நகரத்துக்குப் போனபோது இவளையும் கூட்டிப்போனாள். கூடவே வளர்ந்த சிநேகிதி இன்பமணி வேறொரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு முந்தின வருஷமே போயிருந்தாள். அவள் இருந்த ஊர் ஹாலே. லைப்சிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இன்பமணி நெஞ்சில் சளி கட்டி அங்கே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள் என்று கடிதம் வந்திருந்ததால், அவள் தாய் தங்கத்தாய் சாயர்புரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்து, சுக்குத் தட்டிப்போட்ட கருப்பட்டி ஒரு வட்டைத் துணியில் முடிந்து பெரியம்மாவிடம் கொடுத்தாள். "நீயே கையில குடுத்துரு தாயி. தின்னா நெஞ்சு எளகும்."

போய்ச் சேர்ந்த மறுவாரம் துரைசாணி, "சாலோமியே, சனிக்கிழமை ஹாலேயிலுள்ள நம் சிநேகிதரைக் காணச் செல்வோம்" என்றாள். அவள் பேசும் தமிழ் பிரசங்கத் தமிழ்.

நம் சிநேகிதர் என்றால் பெரியம்மாவுக்கு இன்பமணிதான். வேற்றூருக்குப் போனால் நம்மூர் ஆள், அதுவும் நோயாளி, அங்கே இருந்தால் முதலில் அந்த வாசலை மிதித்துவிட்டுத்தான் மற்ற இடம். யாரும் சொல்லிக்கொடுத்த முறையா இது? முடிப்பை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள்.

போன இடம் ஒரு பெரிய வீட்டுக் கூடம். காப்பிக் கோப்பைகளோடு, மிஷனுக்குக் காசு கொடுக்கும் முப்பது பெண்கள். துரைசாணி சொன்ன சிநேகிதர் இவர்கள்தான். "சாலோமியே, எழுந்து நில். முந்தானையை விரித்துக் காட்டு. ஒரு பாட்டுப் பாடு." பாடினாள். ஒருத்தி வந்து அவள் கையைத் தடவி, விரலில் நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்தாளாம். துரைசாணியின் கண் மடியிலிருந்த முடிப்பில் பட்டது.

"அது என்ன?"

"இன்பமணிக்கும்மா. அவ அம்மை குடுத்துவிட்டது. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி குடுத்துட்டு வந்துருதேன்."

"மிகவும் நல்லது! இந்திய இனிப்பை இவர்களும் ருசி பார்க்கட்டும்."

கத்தி வந்தது. கருப்பட்டி தட்டில் சில்லுச் சில்லாகக் கூடத்தைச் சுற்றியது. சுக்கு உறைத்ததும் ஒருத்தி கைக்குட்டையில் துப்பினாள். எல்லோரும் சிரித்தார்கள். "அம்மா, ஒரு சில்லாவது" என்று பெரியம்மா கேட்பதற்குள் வேலைக்காரி தட்டை எடுத்துப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. "இன்று நேரமில்லை. அடுத்த முறை காண்போம்" என்றாள் துரைசாணி. சந்தை நடுவிலிருந்த மணிக்கூண்டைச் சுற்றிக் காட்ட மட்டும் அவளுக்கு நேரம் இருந்தது.

அடுத்த முறை போன ஊர் டிரெஸ்டன். அங்கேயும் கூட்டம், அங்கேயும் பாட்டு. முடிந்தபின் ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, இது அரண்மனை, இது கோபுரம் என்று காட்டிக்கொண்டே வந்த துரைசாணி சொன்னாள்: "இன்பமணி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். கடிதம் போன வாரமே வந்தது. உன் பயணத்தின் சந்தோஷம் கெட்டுவிடும் என்று அறிவிக்கவில்லை."

யாருடைய சந்தோஷம்? சொல்லியிருந்தால் அன்று மத்தியானம் பாட ஆள் ஏது?

வைமார் என்ற ஊரில் மறுபடி கூட்டம். "சாலோமியே, எழுந்து நில்." பெரியம்மா அசையவில்லை. "கால் வலிக்கிறதா?" "காலு நல்லாத்தாம்மா இருக்கு." அடுத்த கப்பலில் அனுப்பிவிட்டார்கள்.

துரைசாணி அடித்தவள் இல்லை, பட்டினி போட்டவள் இல்லை. குளிருக்குக் கம்பளிச் சால்வை வாங்கித் தந்தவள். அதை நினைத்தால் எனக்கு இன்னும்தான் எரிகிறது. கொடியவள் என்று திட்டிவிட்டு ஓயவும் வழியில்லை. நான் படித்ததும் அவளைப் போன்றவர்கள் நடத்திய பள்ளியில்தானே, எனக்கேது இந்தக் கோபம் என்று கேட்டுப்பார்த்தேன். அதற்காக ஆறிவிடவில்லை. நம் சபையார்மேலும்தான் கோபம். அவள் ஊர் வந்த முதல் ஞாயிறே, "சாலோமி எழுந்து சீமை அதிசயங்களைச் சாட்சி சொல்லட்டும்" என்றார்களே! ஒருவராவது இன்பமணி எப்படிச் செத்தாள் என்று கேட்டார்களா?

அவளைப் பற்றிக் கேட்டவள் தங்கத்தாய் ஒருத்திதான். கப்பல் வந்த சேதி கேட்டதும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கருப்பட்டியக் குடுத்தியா தாயி? தின்னாளா?"

அந்த முகத்தைப் பார்த்துப் பெரியம்மாவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "தின்னா, சித்தி."

"தின்னுட்டு என்ன சொன்னா?"

"பொறவு சொல்லுதேன் சித்தி. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

வருஷத்துக்கு ஒருமுறையாவது கிழவி வருவாள். இதையேதான் கேட்பாள். பெரியம்மா ஒவ்வொரு முறையும் பிறகு சொல்வதாகச் சொல்லி அனுப்புவாள். ஒரு பொய்க்கே நெஞ்சு ஆறாதவளுக்கு இரண்டாவது பொய் வாயில் வரவில்லை.

பெரியம்மாவின் அடக்கத்துக்கு வந்த தங்கத்தாய் குழிமேட்டில் என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏலே, எம் மவ என்ன சொன்னான்னு ஒங்கிட்டயாவது சொன்னாளாலே? பொறவு சொல்லுதேன்னவ, எனக்குச் சொல்லாமலே போயிட்டா."

சுற்றி ஆட்கள் மண்ணள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் என் சட்டையை விடவில்லை.