எரிக் ஸ்டோபர்ட்டின் கோல் கணக்கு

வால்ட்டர் டாட் செத்தபோது எரிக் ஸ்டோபர்ட்டுக்குப் பத்தொன்பது வயது. ஹாக்கர்லி டவுன் அணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளும் நடுவட்டத்தைச் சுற்றி நின்றன. மழை பெய்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் கத்பெர்ட் ஆல்டரின் குரல் வந்தது. ஆல்டர் வார நாட்களில் சவப்பெட்டி செய்து பிணங்களை அடக்கம் செய்பவர். சனிக்கிழமைகளில் மைதானத்தின் அறிவிப்பாளர். இரண்டு வேலைக்கும் ஒரே குரலைத்தான் வைத்திருந்தார்.

"வால்ட்டர் டாட். தடுப்பாட்டக்காரர். ஹாக்கர்லிக்காக ஆடிய ஆட்டங்கள், நானூற்றுப் பதினொன்று. கோல்கள்..." தாளைப் புரட்டி மறுபக்கத்தையும் பார்க்கிற சத்தம் கேட்டது. "இல்லை."

பிறகு ஒரு நிமிட மௌனம். அந்த மௌனத்தின் நடுவில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது எரிக்.

வேண்டுமென்று சிரிக்கவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. டாட்டின் மனைவி கறுப்புத் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை, அவன் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தாள். ஐந்து. டாட் போட்டிருந்த அதே எண். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு எரிக்கை ஓர் ஆசை பிடித்தது. தான் சாவதற்குள் ஒரு கோல் போட வேண்டும். ஒன்று போதும். கோப்பையோ இங்கிலாந்து அணியில் இடமோ அவன் கேட்கவில்லை. தன்னுடைய மௌனத்தில் எவனும் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆசைக்கும் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தது. பந்து காலில் பட்டால் எரிக் யோசிப்பதில்லை. கிழக்குக் கோலைக் காக்க வேண்டிய பாதியில், ஆபத்து என்று தோன்றினாலே பந்தைத் தன் கோலுக்கு மேலே, பின்னால் இருந்த தகரக் கூரைக்கும் மேலே அனுப்பிவிடுவான். எதிரணிக்குக் கார்னர் போனால் போகட்டும். கூட்டம் கை தட்டும். கூரைக்கு அப்பால் ஒரு செங்கல் சுவர், சுவருக்கு அப்பால் சுரங்கத் தொழிலாளர்களின் தோட்டத் துண்டுகள். அதில் முதல் துண்டு செப் ரிட்லியுடையது. செப் அதில் லீக்ஸ் வளர்த்தார்.

லீக்ஸ் வெங்காயத்தாளுக்குப் பெரியப்பா முறை. ஹாக்கர்லியில் அதைச் சமைப்பது இரண்டாம் பட்சம். செப்டம்பர் மாதம் மதுக்கடை மாடியில் நடக்கும் போட்டியில், கழுவித் துடைத்துத் தொடைப் பருமனுக்குக் காட்சிக்கு வைப்பதுதான் அதன் பிறவிப் பயன். நாற்று நட்ட நாளிலிருந்து போட்டி முடியும்வரை பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. பொறாமைக்காரர்கள் கத்தியோடு வந்து கீறிவிட்டுப் போன வரலாறு உண்டு. ஆகஸ்ட் பிறந்தால் செப் வீட்டில் படுப்பதில்லை. தோட்டத்துக் குடிசையில் காவல் படுப்பார்.

எரிக்கின் முதல் பந்து இரண்டு லீக்ஸை ஒடித்தது. மன்னிப்புக் கேட்டுப் பந்தை வாங்கி வர அவனையே அனுப்பினார்கள். வேலியருகே செப்பின் மகள் தெல்மா நின்றிருந்தாள். பந்து கேட்கப் போனவன் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். பந்து வரவில்லை. கல்யாண விருந்தில் பெண்ணின் தகப்பன் பேச வேண்டிய முறை வந்தபோது செப் எழுந்து நின்றார். "பொண்ணு போனா போவட்டும். அந்த ரெண்டு லீக்ஸும் இருந்திருந்தா அந்த வருஷம் முதல் பரிசு எனக்குத்தான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பதினெட்டு வருடம் ஆடினான். கோலே போடவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று போட்டான், மூன்றும் தன் அணியின் கோலில். ஒருமுறை அவன் தலையால் முட்டிய பந்து சரியான கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கோட்டருகே நின்ற ஹாரிமன் என்ற சொந்த அணிக்காரன் அதை ஒரு தட்டுத் தட்டித் தன் பெயரில் சேர்த்துக்கொண்டான். அதற்காக ஹாரிமனின் கல்யாணத்துக்கு எரிக் போகவில்லை. தேநீர்க் கோப்பைகள் மட்டும் அனுப்பினான்.

கடைசி ஆட்டம் மே மாதத்தில் வந்தது. ஹாக்கர்லி நான்காம் பிரிவில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காலையில் எரிக் முட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைத் தெல்மா பார்த்தாள்.

"இன்னும் அதையேதான் நெனச்சிட்டு இருக்கியா? நீ செத்த பெறகு எவன் சிரிச்சா என்ன? உனக்குக் காது கேக்கவா போவுது?"

"டாட்டுக்குக் கேட்டிருக்கும்."

"யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும்."

தெல்மா முட்டையை எடுத்துத் தான் சாப்பிட்டாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், கிழக்குக் கோலின் முன்னால், ஹாக்கர்லிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வழக்கமாக அடிக்கிற ஹாரிமன் பந்தை எடுத்து எரிக்கின் கையில் கொடுத்தான். "இந்தா. பழைய கடன் தீந்துச்சு. என் பொண்டாட்டிகிட்ட இனியாவது பேசு." கூட்டம் எரிக்கின் பெயரைச் சொல்லிப் பாட ஆரம்பித்தது. எதிரணியின் கோல்கீப்பர் லம்லி, தடித்த மனிதன், பந்தைச் சரிபார்ப்பதுபோல அருகில் வந்தான்.

"நான் இடப்பக்கம் விழுந்துடறேன். நீ பாட்டுக்கு வலப்பக்கம் உருட்டி விடு. எங்க அண்ணனும் உன்ன மாதிரி தடுப்பாட்டக்காரன்தான். பாவம்."

எரிக் ஓடி வந்தான். லம்லி இடப்பக்கம் விழுந்தான். கோல் வெறுமையாகத் திறந்து கிடந்தது. ஆனால் பதினெட்டு வருடமாக அந்தக் கோலுக்கு மேலேயே பந்தை அனுப்பிப் பழகிய கால் அது. பந்து கம்பத்துக்கு மேலே, கூரைக்கும் மேலே போய் மறைந்தது. சுவருக்கு அப்பாலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டது.

நடுவர் விசில் ஊதினார். உதைக்கும் முன்பே கோல்கீப்பர் அசைந்துவிட்டார், மறுபடி அடிக்க வேண்டும் என்றார்.

"மன்னிச்சுக்கப்பா," என்றான் லம்லி. "பாசத்துல முந்திட்டேன்."

இரண்டாவது பந்து வந்தது. லம்லி மறுபடியும் பாசத்தில் முந்தினான். பந்து மறுபடியும் கூரைக்கு மேலே போனது. நடுவர் மறுபடியும் விசில் ஊதினார். இப்போது பந்து இல்லை. ஹாக்கர்லியிடம் இருந்தவை மூன்று. ஒன்றை முதல் பாதியிலேயே எரிக் அனுப்பிவிட்டிருந்தான்.

"பந்து இல்லாம எப்படிய்யா ஆட்டத்த முடிக்கறது?" என்றார் நடுவர். அவருக்கு டார்லிங்டன் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நானே போய் வாங்கிட்டு வரேன்," என்றான் எரிக்.

வாசல் வழியாக வெளியே போய், சுவரைச் சுற்றி, ஆணி வைத்த பூட்ஸ் சாலையில் சடசடக்க நடந்தான். கூட்டம் உட்கார்ந்து காத்திருந்தது. செப் குப்பைத்தொட்டி மூடியைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தபடி வேலிக்குப் பின்னால் நின்றிருந்தார். பாத்தியில் பிள்ளை விரல்கள் போல லீக்ஸ் நாற்றுகள். நடுவே மூன்று பந்துகள்.

"செப், ஒரு பந்து வேணும்."

"செப்டம்பர்ல வா."

"பெனால்டி இன்னிக்கு, செப்."

"நாத்து நட்டு ஒரு வாரம் ஆகல. இந்த மண்ண இனி நானே மிதிக்க மாட்டேன். மகாராணியே வந்தாலும் வேலிக்கு அந்தப் பக்கம்தான்."

"கைய நீட்டி எடுத்துக்கறேன்."

"உன் காலே உன் பேச்சக் கேக்கல. கை கேக்குமா?"

எரிக் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெல்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னான். டாட், ஆல்டர் படித்த கணக்கு, தன் சிரிப்பு, கறுப்புத் தொப்பி. செப் மூடியை மெல்லக் கீழே இறக்கினார்.

"லீக்ஸ் போட்டவன் செத்தா எவனும் எடையப் படிக்கறதில்ல," என்றார். ஏதோ யோசித்தார். அதில் அவருக்கு வருத்தமா நிம்மதியா என்று தெரியவில்லை. குடிசைக்குள் போய் ஒரு பந்தோடு திரும்பி வந்தார். பழையது, ஒரு பக்கம் சப்பையாக இருந்தது.

"என் தலகாணி. காவலுக்குப் படுக்கறப்ப வெச்சுக்கறது. ஆட்டம் முடிஞ்சதும் கைக்கு வந்துடணும்."

எரிக்குக்கு அடையாளம் தெரிந்தது. அவன் முதலில் கேட்டுப் போன பந்து.

"இன்னொண்ணு கேட்டுக்க. தரையோட போவணும். ஒரு சாண் எழும்பிச்சோ, தெல்மாவ என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

நடுவர் பந்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்த் திரும்பி வரச் சிறிது நேரம் எடுத்தது. மைதானக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உருண்டையாத்தான இருக்கு?"

"ஏறக்குறைய," என்றான் எரிக்.

லம்லி இந்த முறை சட்டத்தை மதித்தான். உதை விழுந்த பிறகுதான் இடப்பக்கம் சாய்ந்தான். பந்து வலப்பக்கம் போனது. தரையை விட்டு எழும்பவில்லை. செப்பின் தலை பதிந்த பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் கீழே வந்தபோது பந்து ஒருமுறை தயங்கியது. தயங்கித் தயங்கிக் கோல் கோட்டுக்கு வந்து, சேற்றில் நின்றது. கோட்டின்மேலே நின்றது. முழுதாகத் தாண்டவில்லை.

யாரும் நகரவில்லை. அடித்தவன் மறுபடி தொடக் கூடாது.

"ஒரு தட்டு தட்டட்டுமா?" என்றான் ஹாரிமன்.

"தொட்டே, கொன்னுடுவேன்," என்றான் எரிக்.

"நான் எழுந்தா புடிச்சிடுவேன்ப்பா," என்றான் தரையிலிருந்து லம்லி. "பழக்கம். படுத்தே கெடக்கறேன்."

எதிரணியின் ஐந்தாம் எண்காரன் பந்திலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தான். ஓர் உதையில் அனுப்பியிருக்கலாம். எரிக்கைப் பார்த்தான், பந்தைப் பார்த்தான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பாட்டு நின்றிருந்தது. தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நன்றாகப் பார்ப்பதற்காகச் சிலர் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் அவரவர் இடத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். இந்த மௌனத்தை எரிக்குக்குத் தெரியும். ஒருமுறை இதன் நடுவில் நின்றிருக்கிறான். இது தன்னுடையது என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவனால் அடக்க முடியவில்லை. தும்மல் மாதிரி வந்தது. சிரித்தான்.

சிரித்துக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தான். டாட்டின் மனைவி, இப்போது கிழவி, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை வாயில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போச்சா இல்லயாடா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து செப் கத்தினார்.

அதன்பின் மைதானமே சிரித்தது. லம்லி படுத்தவாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நடுவர் கடைசி விசிலை ஊதிவிட்டுப் பேருந்துக்கு ஓடினார். பந்து கோட்டின்மேலேயே இருந்தது.

எரிக் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, செப்பிடம் கொடுத்தான். பிறகு அறிவிப்பாளரின் அறைக்கு ஏறினான். ஆல்டர் ஒலிபெருக்கியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என் நாள் வரும்போது நீங்கதான படிப்பீங்க?"

"நான் இருந்தா."

"இருப்பீங்க. எனக்குக் கோல் கணக்க முதல்ல படிங்க. சிரிச்சு முடிக்கட்டும். அதுக்கு அப்புறமா நிமிஷத்த ஆரம்பிங்க."

ஆல்டர் கம்பியைச் சுருட்டுவதை நிறுத்தினார். அவர் தொழிலில் இப்படி யாரும் கேட்டதில்லை.

"சிரிப்புக்கு எவ்வளவு நேரம் விடணும்?"

எரிக் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஆட்கள் கூரையின் கீழிருந்து வெளியே வந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

"மழையா இருந்தா கொஞ்சம் கம்மியா விடுங்க. நனைவாங்க."

ஆல்டர் தலையசைத்தார். பழக்கதோஷத்தில் அவனை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார்.

"ஆறடி ரெண்டு அங்குலமா?"

எரிக் நிமிர்ந்து நின்றான்.

"மூணு," என்றான்.