நாடு அரை மணி முன்னால் போன ஆண்டு

1. முகம் தெரியாத பெரட்டு

நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, சேர்ந்த முதல் காலை, எதிரில் நின்ற ஒருவர் முகமும் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு இருட்டு. 1982 புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய நாள் அது. கடலுக்குக் கிழக்கே உள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு சேர்த்து நாடு முழுக்க ஒரே நேரம் என்று அரசாங்கம் முடிவெடுத்து, எங்கள் பக்கத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளியிருந்தது. சூரியனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் எங்கள் தோட்டம். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. பழைய நேரத்தில் பெரட்டு முடிந்து தீம்பாருக்கு, அதாவது ரப்பர் மரக்காட்டுக்கு, நடந்து சேர்வதற்குள் பட்டையில் கத்தி வைக்க வெளிச்சம் வந்துவிடும். இப்போது மரத்தடிக்குப் போனாலும் இரவுதான்.

"சபாவுல இருக்கிறவன் நேரத்தோட கக்கூசு போறதுக்கு நாம எதுக்கு லா முழிக்கணும்?" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல். களமே சிரித்தது.

"யாரு அது? பாப்பாத்தியா? வாயைக் கட்டு!" என்றார் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையா. அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பெரட்டு நேரத்தைத் தள்ளி வைக்கலாமே என்று மண்டோர் தோட்ட நிர்வாகியான துரையிடம் கேட்டுப் பார்த்தார். "நாட்டுக்கு ஒரு நேரம், தோட்டத்துக்கு ஒரு நேரமா? மானா போலே! எப்படி முடியும்?" என்று முடித்துவிட்டார் துரை. ஆளுக்கு ஒரு நெற்றி விளக்கு மட்டும் கொடுத்தார்.

2. காயம்

பாப்பாத்தி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். அவர் வெட்டிய பட்டை இழைத்த பலகை மாதிரி இருக்கும் என்பார்கள். ஆனால் புது நேரம் வந்த சில நாட்களிலேயே அவர் நிரையில், அவருக்கென்று ஒதுக்கிய மர வரிசையில், மரத்துக்கு மரம் காயம். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கினால் அந்த இடத்தில் மறுபட்டை ஒழுங்காக வளராது. ரப்பர் பால் வெட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"வேணும்னே செய்றா. புது நேரம் பிடிக்கல, மரத்து மேல காட்டுறா" என்று மண்டோர் கொதித்தார். மறுநாள் விடியுமுன் என்னையும் கூட்டிக்கொண்டு அக்காவின் நிரைக்குப் போனார்.

நெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா இடது உள்ளங்கையால் மரத்தைத் தடவித்தடவி வெட்டுவாயைத் தேடிக்கொண்டிருந்தார். "கத்தியக் குடு" என்று மண்டோர் கையை நீட்டினார். அக்கா கத்தியை அவருக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில் நீட்டினார்.

மண்டோர் எட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டார். "எத்தன நாளா பாப்பாத்தி?" என்றார்.

"கலியாணத்துக்கு முந்தியே கொஞ்சங் கொஞ்சமா இருக்கு மண்டோரே. இருட்டுல ஒண்ணும் தெரியாது. இந்த விளக்கும் கண்ணுல ஏற மாட்டேங்குது. விடிஞ்சா நான் ராசாத்தி. அந்த அரை மணிய வச்சுத்தான் இத்தன வருஷம் ஓட்டுனேன்." பிறகு என் குரல் வந்த பக்கம் திரும்பி, "கிராணி தம்பி, ஆபீஸ்ல சொல்லிராதீங்க. பால்வெட்டு போனா வீடு போயிரும்" என்றார்.

அது உண்மை. புல்வெட்டு, மருந்தடிப்பு எல்லாம் குத்தகைக்காரர் கைக்குப் போயிருந்த காலம். தோட்டத்தின் ஆள் பட்டியலில் பேர் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில், தோட்டத்து வீட்டு வரிசையில், இடமில்லை.

3. தண்டனை

அடுத்த பெரட்டில் மண்டோர் களமே அதிரக் கத்தினார்: "வாய் பேசுறவளுக்குச் சதுப்புக்காட்டுத் தீம்பார்தான் சரி! போ!" தோட்டத்தின் கடைக்கோடி அது. அட்டை, சேறு, முட்டிவரை புல். யாரும் விரும்பிப் போகாத இடம்.

"பாவி மண்டோரு, புருசன் இல்லாதவள இப்படியா ஆட்டி வைக்கிறது?" என்று லயத்துப் பெண்கள் பொருமினார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். வாய்க்கால் ஓரத்தை ஒரு காலால் துழாவிக்கொண்டு அக்கா அங்கே நடந்து சேரும்போது கீழ்வானம் வெளுத்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பறிபோன அரை மணியை மண்டோர் பாதையாக அளந்து அவருக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார். ஏச்சையும் தானே வாங்கிக்கொண்டார். காயங்கள் நின்றன. பட்டை மறுபடி இழைத்த பலகையானது.

வெளியே நாடு ஓடிக்கொண்டிருந்தது. சுத்தம், திறமை, நேர்மை என்று வானொலி சொன்னது. ஏப்ரலில் தேர்தல் என்று லோரிகளில் கொடிகள் வந்தன. அதே வாரத்தில் புல்டோசரும் வந்தது. சதுப்புக்காட்டை அழித்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, போடப்போகிறார்கள்.

பாப்பாத்தி அக்கா மறுபடியும் பக்கத்துத் தீம்பாருக்கு வந்தார். மறுபடியும் காயம். இந்த முறை துரையே பார்த்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தன் காரிலேயே அக்காவைக் கிள்ளானில் கண் டாக்டரிடம் அனுப்பினார். போகப்போகப் பகலிலும் பார்வை சுருங்கும், மருந்தில்லை என்று டாக்டர் சொன்னதாக அக்கா வந்து சொன்னார், மழை வரும் என்று சொல்வதைப் போல.

"கொஞ்ச நாள் விடிஞ்சதும் வெட்டட்டும் சார்" என்று நானும் மண்டோரும் துரை முன்னால் நின்றோம்.

"அவளுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்" என்றார் துரை. எல்லாரும் கேட்டிருப்பார்கள்தான்.

4. பட்டப்பகலில்

பால்வெட்டு போனதும், அக்கா மகளோடு சுங்கை சோவில் இருந்த தம்பி வீட்டுக்குப் போவதென்று முடிவானது. பெட்டி கட்டிய நாளின் மத்தியானம், பால் எடுத்து எல்லாரும் திரும்பிய பிறகு, தீம்பாரில் யாரோ நடமாடுவது தெரிந்து போய்ப் பார்த்தேன். பாப்பாத்தி அக்கா கையில் தார் டின்னும் தூரிகையும். தான் வெட்டிய காயங்கள் அழுகாதிருக்க ஒவ்வொரு மரமாகப் பூசிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். ஒரு காயமும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

பின்னால் வந்த மண்டோர், "விடு பாப்பாத்தி, இனிமே இது உன் நிரை இல்ல" என்றார்.

"வெட்டுனது நான்தானே மண்டோரே."

மண்டோர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பின்னாளில் ரவாங் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர் ஆனேன். ஷிப்ட் நேரம் மாறுகிறது என்று மேலிருந்து தாள் வந்தால், புது நேரப்படி ஒருநாள் நானே ஆட்கள் வரும் வழியில் நடந்து பார்க்காமல் ஒப்பமிடுவதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். அந்த ஆண்டில் நாட்டில் நடந்தவற்றைப் புத்தகங்கள் எழுதிவைத்திருக்கின்றன. நேரம் மாறியதற்கும் ஒரு வரி இருக்கிறது. நான் கற்றுக்கொண்டதால் பாப்பாத்தி அக்காவுக்கு ஒரு நாள்கூட வெளிச்சம் கூடவில்லை.