ஹேண்ட்பிரேக்கும் நானும்

என் மனைவிக்கு ஊரில் ஜீப்பம்மா என்று பெயர். எனக்குக் கட்டைக்காரர். அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்கத் தேவையில்லை. நாற்பத்தாறு வயதான, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பச்சை ஜீப் ஒன்றை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவையும் மருந்துப் பெட்டிகளையும் மலைமேல் இருக்கிற ஐந்து ஊர்களுக்கு ஏற்றிப்போவது அவள் வேலை. அந்தப் பாதையில் புது வண்டிகள்கூடப் பாதி தூரத்தில் படுத்துவிடும். என் பெயருக்குத்தான் கொஞ்சம் கதை இருக்கிறது. அதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அடுத்தவர் செய்த தப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அச்சகத்தை மூடினார்கள். வேலை போனது, தேடுகிற புத்தி போகவில்லை. சோப்பு டப்பாவில் தண்ணீர் நின்றால் ஒரு பிரசங்கம், செருப்பு திரும்பிக் கிடந்தால் ஒரு பிரசங்கம். காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் முகத்தில் தெரியும் நிம்மதி இருக்கிறதே, அதை நான் பார்க்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

அப்போதுதான் ஜீப்பின் ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் போனது. ஏற்றத்தில் நிறுத்தினால், பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரை மிதிப்பதற்குள் வண்டி பின்னால் உருளும்.

"ரெண்டு நாளைக்குக் கூட வாங்க. சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஒரு ஆள் வேணும்" என்றாள்.

அந்த ரெண்டு நாள்தான் ஒன்பது வருஷமாக நீண்டது. வேலை சுலபம். மேட்டில் வண்டி நின்றதும் கதவைத் திறந்து குதித்து, சீட்டுக்கு அடியில் இருக்கிற மரக்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்குப் பின்னால் சொருக வேண்டும். வண்டி நகர்ந்ததும் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். நடு ஏற்றத்தில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொள்ள முடியாது. மேலே சமதளம் வந்ததும் நிறுத்திக் காத்திருப்பாள். நான் இரைக்க இரைக்க ஏறி உட்கார்ந்ததும், "என்ன, ஓட்டப்பந்தயத்துல இன்னைக்கும் கடைசியா?" என்று கேட்பாள். நர்ஸம்மா பின்சீட்டில் சிரிப்பார். வழியெல்லாம் எதையாவது பேசிக்கொண்டே போவோம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் பேசாததை அந்த முதல் மூன்று மாதத்தில் பேசியிருப்போம். வீட்டில் என் பிரசங்கங்களும் குறைந்தன.

மூன்றாவது மாதம் என் மச்சினன், அதாவது அவள் தம்பி, வீட்டுக்கு வந்தான். மெக்கானிக். வந்தவன் சும்மா இருக்காமல் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"மாமா, இது ஒண்ணுமே இல்ல. கியர்பாக்ஸ் பின்னாடி ஆயில் சீல் போயிருக்கு. அந்த ஆயில் பூரா ஹேண்ட்பிரேக் டிரம்முக்குள்ள ஒழுகுது. எண்ணெயில ஊறினா எப்படிப் பிடிக்கும்? அரை நாள் வேலை. அக்கா கடைக்குப் போயிருக்கு, வந்ததும் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். அவன் மறுவாரமே கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

நான் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்துவிட்டுத் தம்பி என்ன சொன்னான் என்று அவளாகவே கேட்டபோது, "பழைய வண்டின்னா அப்படித்தானாம்" என்றேன். பொய்தான். ஹேண்ட்பிரேக் சரியானால் கட்டை எதற்கு? கட்டை இல்லையென்றால் நான் எதற்கு? மறுபடி அந்த வீடு, அந்தச் சோப்பு டப்பா. எனக்கு அந்த சீட் வேண்டியிருந்தது.

வருஷா வருஷம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோவோம். சமதளத்தில் நிறுத்தி விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள், ஹாரனை அடித்துப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். இந்த வருஷம் போனபோது மைதானத்தின் கோடியில் புதிதாக ஒரு சிமெண்டு மேடு கட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் புதியவர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே இவர் எதையும் விடமாட்டார் என்று தெரிந்துவிட்டது. நானும் ஒரு காலத்தில் மூன்று பேனா வைத்திருந்தவன்தான்.

"மேட்டுல பாதியில நிறுத்துங்கம்மா. ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு ரெண்டு காலையும் எடுங்க."

அவள் எடுத்தாள். வண்டி உருண்டது. அதற்குள் என் கால் என்னைக் கேட்காமல் குதித்துவிட்டது. கட்டை சக்கரத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. வண்டி ஜம்மென்று நின்றது. ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி நிமிர்ந்தால், இன்ஸ்பெக்டர் என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் வண்டியைச் சோதிக்கிறேன். உங்களை இல்ல."

தேறவில்லை என்று எழுதினார். மற்ற எல்லாம் சரி, ஹேண்ட்பிரேக் மட்டும் இல்லை. பதினாலு நாளில் சரிசெய்து மறுபடி கொண்டுவர வேண்டும். அதிலும் தேறாவிட்டால் ஆள் ஏற்றும் அனுமதி ரத்து. சுகாதார நிலையத்தில் கேட்டதற்கு, பதினாலு நாளைக்கு வேண்டுமானால் மருந்தைத் தலைச்சுமையாக அனுப்பிச் சமாளிப்போம், அதற்குமேல் வேறு வண்டிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் துணியை எடுத்துக்கொண்டு ஜீப்பிடம் போனாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதே சமயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு பாழாய்ப்போன கணக்கும் மனசுக்குள் ஓடியது. வண்டி தேறாவிட்டால் என் சீட் போகும். தேறினாலும் போகும்.

"தம்பி கப்பல் வேலையை விட்டுட்டு வந்து ஷெட் போட்டிருக்கான்ல. அவன்கிட்டயே விட்டுடலாம்" என்றாள் கடைசியில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் வண்டிக்கு அடியில் தலையை விட்டதும் முதலில் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை ஷெட்டுக்குக் கிளம்பினோம். ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. கேட் மூடியிருந்தது. வழக்கம்போலக் குதித்தேன், கட்டையை வைத்தேன். பிறகு வழக்கமில்லாத ஒரு வேலை செய்தேன். அவள் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன்.

"ஒன்பது வருஷம் முன்னாடியே உன் தம்பி சொன்னான். அரை நாள் வேலையாம். நான்தான் உன்கிட்ட சொல்லல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னது?"

"பிரேக் சரியாயிட்டா என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு..."

கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் கியரைப் போட்டாள். நான் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன். மேலே சமதளத்தில் ஜீப் இல்லை. தூரத்தில் புழுதி மட்டும் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் காத்திருக்கவில்லை.

ஷெட்டுக்கு மூன்று கிலோமீட்டர். கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு சைக்கிள்காரர், "ஜீப்பம்மா முன்னாடியே போயிட்டாங்களே!" என்று தகவல் சொன்னார். தெரியும் என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப் இரும்பு முட்டுகளின் மேல் நின்றது. அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு மச்சினனுடையவை, இரண்டு அவளுடையவை.

"டார்ச்சைப் பிடிங்க" என்று அவள் குரல் வந்தது.

மண்டியிட்டுப் பிடித்தேன். மச்சினன் டிரம்மைக் கழற்றினான். கறுப்பாக எண்ணெய் கொட்டியது. உள்ளே இருந்த இரண்டு பிரேக் கட்டைகளும் ஊறிப்போய்ப் பளபளவென்று இருந்தன. அவன் என் முகத்தைப் பார்த்தான், அக்கா முகத்தைப் பார்த்தான், "மாமா, இனி உங்க பாடு, அக்கா பாடு" என்று சொல்லிவிட்டுப் புது சீல் வாங்க எழுந்து போய்விட்டான். விவரமானவன்.

அவள் படுத்தபடியே பேசினாள். "அந்த மூணாவது வளைவுல என்ன பள்ளம்னு தெரியும்ல? மழையில உங்க கால் ஒரு தடவை வழுக்கியிருந்தா? பின்னாடி நர்ஸம்மா உட்கார்ந்திருக்காங்க. ஊசி போடப் பச்சக் குழந்தைய வச்சுக்கிட்டு எத்தனை பேரு ஏறி எறங்கியிருக்காங்க."

"தப்புதான்."

"தப்பு இல்ல, கொலை பண்றதுக்குச் சமம்."

அவள் சொன்னது சரி. எத்தனையோ ஆயிரம் பக்கங்களில் பிழை பிடித்தவன், இந்த ஒன்றை ஒன்பது வருஷம் மடியில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் டிரம்மைத் துணியால் தேய்த்தாள். "கூட வரணும்னா, வரேன்னு வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அப்போ நீங்க சரியான சிடுமூஞ்சி." துணியை என் பக்கம் தள்ளினாள். "பெட்ரோல்ல நனைச்சுக் குடுங்க."

அரை நாள் வேலை ஒரு நாளானது. புது சீல், புது பிரேக் கட்டைகள், துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்கு கிரீஸ். லிவரை இழுத்தபோது கிர்ர் கிர்ர் என்று நாலு பல் ஏறி விறைப்பாக நின்றது. ஒன்பது வருஷமாக அது வெறுமனே மேலே வந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. அவள் நாலைந்து தடவை இழுத்து இழுத்து விட்டாள். புதுப் பொம்மை கிடைத்த குழந்தையின் சந்தோஷம் அவள் முகத்தில். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

பதினோராவது நாள் மறுசோதனைக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் என்னை மறக்கவில்லை.

"சார், நீங்க இறங்கி இந்த பெஞ்சுல உட்காருங்க. என்ன நடந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. அது கையில எதுக்கு?"

"சும்மா" என்றேன். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜீப் மேட்டில் ஏறிப் பாதியில் நின்றது. லிவர் ஏறும் சத்தம் எனக்குக் கேட்டது. "காலை எடுங்கம்மா" என்றார். அவள் காலை எடுத்ததோடு விடாமல் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். நான் எப்போது எழுந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. பாதி தூரம் ஓடியிருக்கிறேன். இன்ஸ்பெக்டரின் கை என் நெஞ்சில் பட்டபோதுதான் நின்றேன்.

"பாருங்க சார்" என்றார்.

பார்த்தேன். ஜீப் அசையவில்லை. பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் சிமெண்டு. நான் குனிந்து குனிந்து அலைந்த அந்த இடத்தில் நான் இல்லாமலே வண்டி நின்றது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இனி அந்த மூன்றாவது வளைவில் யார் கால் வழுக்கினாலும் வண்டி நிற்கும். அந்த நிம்மதி என் சீட்டைவிடப் பெரிது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தேறிடுச்சு. மேல போய்ச் சுத்திட்டு வாங்கம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தாள். ஜீப் ஒரு இஞ்சுகூடப் பின்னால் போகாமல் ஏறி மேட்டைத் தாண்டியது. வெளியே போகும் கேட் அந்தப் பக்கம்தான். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகலாம், இனி நிற்க ஒரு காரணமும் கிடையாது.

மேலே சமதளத்தில், எப்போதும் நிற்கிற மாதிரி, என் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஓடவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரைக்க இரைக்க ஏறி உட்கார்ந்தேன். அவள் கேலி எதுவும் செய்யவில்லை. கட்டையை என் கையிலிருந்து வாங்கிப் பின்சீட்டுக்குப் பின்னால் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பணும். உங்களுக்காக நர்ஸம்மாவைக் காக்க வைக்க முடியாது" என்றாள்.

ஆறரைக்கே தயாராகிவிடுகிறேன் என்றேன்.