ஆற்றுவாய் அடைபட்ட கோடை

பரங்கிப்பேட்டையில் என் மாமியார் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் வெள்ளாறு கடலில் சேரும் இடம் தெரியும். அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை முழுக்க எனக்கு அந்த ஜன்னல்தான் கதி. பினாங்கில் கடை வைத்திருந்த என் கணவர் காய்ச்சலில் இறந்துபோனதாகத் தந்தி வந்திருந்தது. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கணவர் இறந்தால் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் உட்கார்ந்தேன். அது முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. எனக்கு அழுகை வரவில்லை. கல்யாணமான கையோடு கப்பலேறிப் போனவர்மேல் கோபம்தான் வந்தது. துக்கம் கேட்க வந்த பெண்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டது காதில் விழத்தான் செய்தது.

அந்த வருஷம் சேத்தியாத்தோப்பு அணைக்குக் கீழே சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆறு தள்ளாவிட்டால் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டி ஆற்றுவாயை அடைத்துவிடும். அப்படியே அடைத்தது. மடவை மீனைத் துரத்திக்கொண்டு வந்த ஓர் ஓங்கில் உள்ளேயே மாட்டிக்கொண்டது. படித்தவர்கள் டால்பின் என்பார்கள். பார்க்க மீன், ஆனால் நம்மைப் போல மூச்சுவிடுகிற பிராணி. விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது மேலே வந்து ‘புஸ்’ என்று மூச்சுவிடுவது கேட்கும். அடைபட்ட இடம்வரை நீந்தும், திரும்பும், மறுபடி அங்கேயே போகும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி சிதம்பரத்தில் துணிக்கடையில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை வந்தவனிடம், "மணல வெட்டிவுடச் சொல்லுடா. வருஷா வருஷம் வெட்டுறதுதானே?" என்றேன்.

மீன்காரர்களிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். "இப்ப வெட்ட மாட்டாங்களாம் லாத்தா. மடவ பூரா உள்ளாற நிக்குது, தொறந்தா கடலுக்குப் போயிடுமாம். புடிச்சு முடிச்சதும் வெட்டுறாங்களாம். அவுங்களுக்கும் வயிறு இருக்குல்ல?" ஜன்னல் பக்கம் திரும்பினான். "மணலுக்கு அந்தாண்ட, கடல்ல, இன்னொரு ஓங்கில் சுத்திக்கிட்டே இருக்கு."

அதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"நான் ஆம்பிளையா இருந்தா மம்பட்டிய எடுத்துக்கிட்டு நானே போயிருப்பேன்" என்றேன். மீன்காரர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. ஆத்திரம்தான் அடங்கவில்லை.

வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றியது. அதன் முதுகு எந்நேரமும் வெளியே தெரிந்தது. தோல் வெடித்து வெளுத்தது. ஒரு காலையில் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. மூச்சுச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஒரு காகம் வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

வாய்விட்டு அலறினேன். மாமியார் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அழுவும்மா, நல்லா அழுவு. இத்தன நாளா மனசுல பூட்டிவச்சிருந்தியே" என்று மகன் பெயரைச் சொல்லி அவரும் அழுதார். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் என்னத்தைச் சொல்வது? அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.

மடவை தீர்ந்ததும் மணலை வெட்டினார்கள். செத்துக் கிடந்ததைக் கடல் இழுத்துக்கொண்டு போனது.

இத்தா முடிந்த அன்று தம்பி வந்தான். "எங்க போவணும் லாத்தா, சொல்லு, கூட்டிட்டுப் போறேன்" என்றான். ஆற்றுவாய்க்கு என்றேன். அந்தாண்ட சுற்றிய மற்றது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொழுது சாயும்வரை நின்றோம். கடலில் ஒன்றுமில்லை.

"வூட்டுக்குப் போவலாமா?" என்றான்.

எந்த வீட்டுக்கு என்று எனக்குத் தெரியவில்லை.